ஒரு மேஜை, நாலு பேர், ஒரு சிக்கல்!

(கம்ப்யூட்டர்காரர்கள் கூடி உட்கார்ந்த கதை)

 

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போன் செய்தபோது, வழக்கம்போல நழுவப் பார்த்தேன். "விடுதி மெஸ் சாம்பாரைப் பற்றி எழுத ஏற்கனவே நாலு பேர் இருக்காங்க. நீ உன் தொழிலைப் பற்றி ஏதாவது சரித்திரம் எழுது" என்றார். முப்பது வருஷமாக எனக்குச் சோறு போடும் தொழில். மறுக்க முடியவில்லை.

எனக்குச் சொல்லத் தெரிந்த சரித்திரம் ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டியவர்கள் முதலில் தனித்தனியாகத் தவித்து, பிறகு கூடி உட்கார்ந்து, ஒருவர் சிக்கலை இன்னொருவர் அவிழ்த்த சரித்திரம். அதற்கு முன்னால் நம் பழைய லேப்புக்கு ஒரு நடை போய் வந்துவிடலாமா?

1990-ஆம் ஆண்டு. முதல் மாடி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி பட்டால் மெஷின் கெட்டுவிடும் என்பார்கள். கல்லூரியில் ஏ.சி. இருந்தது இரண்டே அறையில்: ஒன்று முதல்வர் அறை, இன்னொன்று இது. ஒரு மெஷினுக்கு மூன்று பேர், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒருவர் தட்டுவார். மற்ற இருவரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பழைய ஆட்களுக்கு அந்தக் குளிரும் ஃப்ளாப்பி வாசனையும் இப்போதும் ஞாபகம் இருக்கும்.

அந்த வருஷம் ஒரு விருந்தினர் வந்து பாஸ்கல் மொழியைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினார். முடிவில் "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். என் அறைத் தோழன் எழுந்தான். (பெயர் வேண்டாம், அவனும் இந்த மலரைப் படிப்பான்.) பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் மீடியம், ஆனால் கணக்கில் எங்கள் எல்லாருக்கும் அண்ணன். "சார், சமக் குறிக்கு முன்னாடி எதுக்கு ரெண்டு புள்ளி வைக்கிறோம்?" என்று தமிழிலேயே கேட்டான்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. நானும்தான் சிரித்தேன். விருந்தினரும் புன்னகைத்தபடி "அது அப்படித்தான் தம்பி, அது சின்டாக்ஸ்" என்று முடித்துவிட்டார். தோழன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு கல்லூரி முடியும்வரை கம்ப்யூட்டர் வகுப்பில் அவன் வாயைத் திறந்து நான் பார்க்கவே இல்லை.

அது எவ்வளவு நல்ல கேள்வி என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் ஒன்று என்று கணக்குப் பரிட்சையில் எழுதினால் முட்டை போடுவார்கள். புரோகிராமில் அது தினசரி வழக்கம். ஏனென்றால் அங்கே அது சமன்பாடு அல்ல, "இந்த மதிப்பை இந்தப் பெட்டியில் போடு" என்ற கட்டளை. இரண்டும் ஒன்றல்ல என்று காட்டத்தான் அந்த ரெண்டு புள்ளி. 1970-இல் பாஸ்கலை வெளியிட்ட நிக்லாஸ் விர்த், அல்கால் மொழியிலிருந்து அந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டார். சி மொழியில் வேறு ஏற்பாடு: ஒற்றைச் சமக் குறி என்றால் கட்டளை, இரட்டை என்றால் ஒப்பீடு. இரண்டு போட வேண்டிய இடத்தில் ஒன்று போட்டுவிட்டு ராத்திரி முழுக்கத் தூக்கம் தொலைத்தவர்கள் உலகமெங்கும் உண்டு, அடியேன் உட்பட. கணக்கு நன்றாகத் தெரிந்தவனுக்குத்தான் அந்தச் சந்தேகமே வரும். அவனைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம்!

இதில் விருந்தினரைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்றரை மணி நேரம் ஒருவர் பேச, கடைசி ஐந்து நிமிஷத்தில் இருநூறு பேர் முன்னால் எழுந்து கேள்வி கேள் என்றால், தெரியாதவன் எழ மாட்டான். குறை அந்தக் கூட்டத்தின் அமைப்பில் இருந்தது. வேறு அமைப்பு உண்டா? உண்டு. நாங்கள் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தது.

போட்டியாளர்கள் ஒரே மேஜையில்

1950-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில் விமானக் கம்பெனிகள் வரிசையாக இருந்தன. லாக்ஹீட், டக்ளஸ், நார்த் அமெரிக்கன் என்று எல்லாமே ஒன்றுக்கொன்று கடும் போட்டி. எல்லாருக்கும் பெரிய பெரிய கணக்குகள் போட வேண்டியிருந்தது. எல்லாரும் ஐ.பி.எம். கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்தார்கள். ஆனால் அந்தக் காலத்தில் மெஷினோடு சாஃப்ட்வேர் என்று பெரிதாக எதுவும் வராது. சைன், காஸ் கண்டுபிடிக்க, வர்க்கமூலம் எடுக்க, அச்சடிக்க என்று ஒவ்வொன்றுக்கும் அவரவரே புரோகிராம் எழுத வேண்டும். ஒரே தெருவில் பத்து வீடு, பத்து வீட்டிலும் தனித்தனியாகக் கிணறு வெட்டிய கதைதான்.

ஐ.பி.எம். 704 என்ற புது மெஷின் வரப்போகிறது என்றதும் பழைய புரோகிராம்களை எல்லாம் மறுபடி எழுத வேண்டிய நிலைமை. அப்போதுதான் சிலருக்குப் புத்தி வந்தது. 1955 ஆகஸ்டில், சாண்டா மோனிகா ஊரில் இருந்த ராண்ட் நிறுவனத்தில் 704 வாங்கப்போகிறவர்கள் கூடினார்கள். அந்தச் சங்கத்தின் பெயரே 'ஷேர்', அதாவது பகிர்ந்துகொள். கம்ப்யூட்டர் உலகில் பயனாளர் சங்கம் என்ற ஏற்பாட்டுக்கு முன்னோடி அதுதான். இன்றும் அது இருக்கிறது.

அவர்கள் செய்த முக்கியமான காரியம் சொற்பொழிவு அல்ல. எல்லாருக்கும் பொதுவான ஓர் அசெம்ப்ளர் வேண்டும் என்று பேசி, யுனைடெட் ஏர்கிராஃப்ட் கம்பெனியில் ராய் நட் எழுதியதையே எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு கம்பெனிக்காரர் எழுதியதை மற்றக் கம்பெனிகள் ஏற்றுக்கொள்வது சாதாரண விஷயமா? "என் பிள்ளைதான் அழகு" என்ற எண்ணத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தால்தான் அது நடக்கும். விமானம் விற்பதில் அவர்கள் எதிரிகள். வர்க்கமூலம் எடுப்பதில் எதிரிகளாக இருந்து என்ன லாபம்?

பிறகு 1961-இல் டிஜிட்டல் எக்விப்மெண்ட் கம்பெனி மெஷின்களை வைத்திருந்தவர்கள் 'டெகஸ்' என்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இந்தச் சங்கங்கள் எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பயனாளர்கள் தயாரித்தவரின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தங்கள் பிரச்சினையைத் தாங்களே மேஜையில் போட்டார்கள்.

பத்து வாரம், ஐந்து சிக்கல்

இதே சமயம் பல்கலைக்கழகத்திலும் ஒரு நல்ல வழக்கம் வளர்ந்தது. ஜார்ஜ் போல்யா என்ற ஹங்கேரியக் கணித மேதை அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். சிக்கலைத் தீர்ப்பது எப்படி என்று அவர் 1945-இல் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அதே பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் துறையைத் தோற்றுவித்தவர் ஜார்ஜ் ஃபோர்சைத். இந்த இருவரும் ஊன்றிய விதையை, பின்னால் அங்கே வந்த டொனால்டு நூத் (ஆமாம், நம் கணிதத் துறையினர் கும்பிடும் டெக் மென்பொருளைப் படைத்த அதே நூத்) 'சிக்கல் தீர்க்கும் கருத்தரங்கு' என்று நடத்தினார்.

வகுப்பின் அமைப்பு எளிமையானது. பத்து வாரத்தில் ஐந்து சிக்கல். பாடத்திட்டம் என்று எதுவும் கிடையாது. மாணவர்கள் சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்ந்து யோசிக்க வேண்டும். வகுப்பில் பேசியதெல்லாம் குறிப்பாக எழுதப்பட்டது. எது பலித்தது என்பதோடு எது பலிக்கவில்லை என்பதும் அதில் உண்டு. பல வருஷத்துக் குறிப்புகளைப் பல்கலைக்கழகம் அறிக்கையாகவே அச்சிட்டது. அவற்றைப் படித்தால் ஒரு விஷயம் புரியும்: கெட்டிக்கார மாணவர்களும் முதலில் தப்பான கதவைத்தான் தட்டுகிறார்கள். ஆனால் நாலு பேர் பார்க்கத் தட்டுவதால், அது தப்பான கதவு என்று சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

கார் ஷெட்டில் முப்பத்திரண்டு பேர்

இனி வருவது இளைஞர்களுக்குப் பிடித்த கதை. 1975 ஜனவரியில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றின் அட்டையில் ஆல்டேர் 8800 என்ற சின்னக் கம்ப்யூட்டர் வந்தது. உதிரி பாகங்களாகத் தபாலில் வரும், நாமே பற்றவைத்துக்கொள்ள வேண்டும். திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, முகப்பில் சுவிட்சுகளும் குட்டி விளக்குகளும்தான். வாங்கியவர்களுக்கு அடுத்த கேள்வி: "சரி, இதை வச்சுக்கிட்டு என்ன செய்யறது?"

1975 மார்ச் 5-ஆம் தேதி ராத்திரி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃப்ரெஞ்ச் என்பவரின் கார் ஷெட்டில் 32 பேர் கூடினார்கள். ஏற்பாடு செய்தவர்கள் அவரும் ஃப்ரெட் மூர் என்பவரும். இப்படிப் பிறந்ததுதான் 'ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்'. அன்றைக்கு வந்தவர்களில் ஸ்டீவ் வாஸ்னியாக் என்ற கூச்ச சுபாவமுள்ள எஞ்சினீயரும் ஒருவர்.

அடுத்த மாதமே ஒரு வேடிக்கை. ஸ்டீவ் டோம்பியர் என்ற உறுப்பினர் தன் ஆல்டேரைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்தார். சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் புரோகிராமை ஏற்றினார். நடுவில் யாரோ கால் தடுக்கி மின்சார ஒயரைப் பிடுங்கிவிட, பொறுமையாக மறுபடி முதலிலிருந்து தட்டினார். ரேடியோவில் பாட்டு வந்தது! மெஷினுக்குள் மின்னோட்டம் மாறும்போது ரேடியோவில் எழும் இரைச்சலையே ஸ்வரமாக்கிவிட்டார் மனுஷர். "இதை வச்சு என்ன செய்யறது" என்ற கேள்விக்கு அந்த அறையிலேயே ஒரு பதில் கிடைத்தது.

கூட்டம் பெருத்ததும் ஸ்டான்போர்டு ஆக்ஸிலரேட்டர் நிலையத்தின் அரங்குக்கு மாறினார்கள். அங்கே கூட்டத்தை நடத்தியவர் லீ ஃபெல்ஸன்ஸ்டைன். (1981-இல் வந்த ஆஸ்போர்ன் என்ற தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டரை வடிவமைத்தவர் இவர்தான்.) அவருடைய முறையைக் கொஞ்சம் கவனியுங்கள். கூட்டம் இரண்டு பாகம். முதல் பாகத்துக்கு 'மேப்பிங்' என்று பெயர், வரைபடம் போடுவது மாதிரி. அரங்கில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, நான் யார், என்னிடம் என்ன இருக்கிறது, எனக்கு என்ன வேண்டும் என்று ரத்தினச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். "என் மெமரி போர்டு சூடாகிறது. யாருக்காவது காரணம் தெரியுமா?" என்பார் ஒருவர். தெரிந்தவர் கை தூக்குவார். இப்போது இருவருக்கும் முகம் தெரிந்துவிட்டது. விவாதம் அங்கே கிடையாது. இரண்டாம் பாகம் 'ராண்டம் ஆக்ஸஸ்'. எல்லாரும் எழுந்து தனக்கு வேண்டிய ஆளைத் தேடிப் போய்ப் பேசலாம்.

நம் ஊர்ச் சந்தை இப்படித்தானே நடக்கிறது? யாரிடம் என்ன சரக்கு என்று முதலில் ஒரு சுற்று, பிறகுதான் பேரம்!

இந்த ஏற்பாட்டில் கூச்சக்காரனுக்கும் இடம் இருந்தது. வாஸ்னியாக் மேடையேறிப் பேசும் ஆள் அல்ல. தான் வடிவமைத்த மெஷினின் வரைபடத்தைப் பிரதி எடுத்துக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். அந்த மெஷின்தான் 1976-இல் ஆப்பிள் 1 என்று விற்பனைக்கு வந்தது.

எல்லாம் சந்தோஷமாகவே நடந்தது என்றும் சொல்ல முடியாது. ஆல்டேருக்கு பேசிக் மொழி எழுதிய இளைஞர் பில் கேட்ஸ், தன் புரோகிராமைப் பணம் கொடுக்காமல் பிரதி எடுக்கிறார்கள் என்று கொதித்து, 1976 பிப்ரவரியில் பொழுதுபோக்குக் கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கிளப்பின் செய்தி இதழிலேயே அது வந்தது. யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் வாதாடலாம். என்னைக் கேட்டால், அறிவைப் பகிர்வது வேறு, அடுத்தவர் சரக்கை அள்ளிக்கொடுப்பது வேறு. கூடிப் பேசும் இடத்தில் இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுக்கொள்வது நல்லது. கிளப் 1986 வரை நடந்தது.

கீபோர்டு கை மாறுகிறது

நூத்தின் வகுப்பும் ஹோம்புரூ சந்தையும் பின்னாளில் ஒன்றாகக் கலந்தன. டேவ் தாமஸ் என்ற புரோகிராமர், கராத்தேகாரர்கள் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பப் பழகுகிறார்களே, நாம் ஏன் பழகுவதில்லை என்று கேட்டார். அப்பியாசத்துக்கான சின்னச் சிக்கல்களுக்கு, கராத்தேயில் வழங்கும் 'கட்டா' என்ற பெயரையே வைத்தார். 2000-களின் நடுவில் பாரிஸ் நகரில் லோரான் பொஸாவி, எமானுவேல் கயார் என்ற இருவர், பலர் கூடி அப்பியாசம் செய்யும் 'கோடிங் டோஜோ' என்பதைத் தொடங்கினார்கள். டோஜோ என்றால் ஜப்பானில் பயிற்சிக்கூடம், நம் ஊர்ச் சிலம்பக் கூடம் மாதிரி.

அங்கே ஒரு முறைக்கு 'ராண்டோரி' என்று பெயர். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதன் திரை எல்லாருக்கும் தெரியும்படி சுவரில். இரண்டு பேர் உட்கார்ந்து எழுதுவார்கள். ஐந்து அல்லது ஏழு நிமிஷம் ஆனதும் ஒருவர் எழுந்து போக, கூட்டத்திலிருந்து ஒருவர் வருவார். எழுதுகிறவர் என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுத வேண்டும். யாருக்காவது புரியவில்லை என்றால் கையைத் தூக்கலாம், அவருக்குப் புரியும்வரை வேலை நிற்கும். பாருங்கள், புரியாதவனுக்கு அங்கே அதிகாரம்!

2009 ஜனவரியில் அமெரிக்காவின் ஆன் ஆர்பரில் 'கோட் ரிட்ரீட்' என்று இன்னொரு வகை பிறந்தது. நாள் முழுக்க ஒரே சிக்கல்தான். பெரும்பாலும் 1970-இல் பிரபலமான கணித மேதை ஜான் கான்வேயின் 'வாழ்க்கை விளையாட்டு'. இருவர் இருவராக 45 நிமிஷம் எழுத வேண்டும். மணி அடித்ததும் எழுதியதை அத்தனையும் அழித்துவிட்டு, ஜோடி மாறி, மறுபடி முதலிலிருந்து. முதல் தடவை கேட்டபோது எனக்கு வயிறு எரிந்தது. யோசித்தால் நியாயம்தான். மார்கழி விடியலில் போட்ட கோலத்தைச் சாயங்காலம்வரை யார் காப்பாற்றுகிறார்கள்? கை பழகியதே, அதுதான் மிச்சம்.

நம்ம ஊரில்

சென்னையில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய லினக்ஸ் பயனாளர் குழு, ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடியது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். காஞ்சிபுரத்திலும் அப்படி ஒரு குழு உருவானது. லினக்ஸ் குழுக்களில் உலகமெங்கும் 'இன்ஸ்டால் ஃபெஸ்ட்' என்று ஒரு திருவிழா உண்டு. அவரவர் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார். இருக்கிற விண்டோஸ் அழியாமல், ஹார்ட் டிஸ்கைப் பாகம் பிரித்து லினக்ஸை ஏற்ற வேண்டும். பாகம் பிரிப்பதில் கை தவறினால் அண்ணன் கல்யாண போட்டோ முதல் ஆபீஸ் கணக்குவரை அத்தனையும் போய்விடும். தனியாகச் செய்ய யாருக்குத் துணிச்சல் வரும்? பக்கத்தில் செய்து பழகிய ஒருவர் உட்கார்ந்து "பயப்படாதீங்க, முதல்ல ஒரு காப்பி எடுத்து வச்சுக்கலாம்" என்று சொன்னால் வரும். அடுத்த மாதம் இவர் இன்னொருவர் பக்கத்தில் உட்காருவார். இப்படித்தான் பரவியது.

ஏன் நாலு பேர்?

கூட்டம் சேர்ந்தால் மட்டும் போதுமா? போதாது. ஐ.பி.எம்.மில் பெரிய திட்டத்தை நடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-இல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. இரண்டு பேர் என்றால் பேச்சுப் பாதை ஒன்று. நாலு பேர் என்றால் 6. பத்துப் பேர் என்றால் 45! அதனால்தான் பத்துப் பேரை ஒரு மேஜையில் உட்காரவைத்தால் இரண்டு பேர் பேசுவார்கள், எட்டுப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள். நாலு பேரில் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. யாரும் தனியாகவும் இல்லை.

சென்ற ஆண்டு நம் கல்லூரியில்

இவ்வளவு சரித்திரம் தெரிந்த நான், சென்ற ஆண்டு நம் மாணவர் மன்றம் அழைத்தபோது என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றரை மணி நேரம் பேசினேன். கடைசியில் "ஏதாவது கேள்வி இருக்கா?" என்றேன். மயான அமைதி. பின்வரிசையில் ஒரு பையன் எழ வாயெடுத்து, பக்கத்துப் பையனைப் பார்த்துவிட்டு அடங்கிவிட்டான். 1990 என் முன்னால் வந்து நின்றது. அன்றைய விருந்தினர் இடத்தில் நான்!

அடுத்த மாதம் மறுபடி வரட்டுமா என்று நானே கேட்டு வந்தேன். இந்தத் தடவை பேச்சு இல்லை. இருபது மாணவர்கள், ஐந்து மேஜை, மேஜைக்கு ஒரே ஒரு கீபோர்டு. ஒவ்வொரு மேஜையிலும் வேறு வேறு துறையைக் கலந்து உட்காரவைத்தேன். சிக்கல் ஒன்றே ஒன்று: "ஒரு தமிழ்ப் பெயரில் எத்தனை எழுத்து என்று கம்ப்யூட்டரைச் சரியாகச் சொல்ல வையுங்கள்."

"ஃபூ, இவ்வளவுதானா சார்" என்றான் கம்ப்யூட்டர் துறைப் பையன். ஒரு வரி எழுதி 'தமிழ்' என்று கொடுத்தான். கம்ப்யூட்டர் 5 என்றது! 'நண்பர்' என்று கொடுத்தால் 6. மேஜையே திகைத்தது. காரணம், யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றும் தனித் தனிக் குறி. மெஷின் குறிகளை எண்ணுகிறது, எழுத்தை அல்ல.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த பி.ஏ. தமிழ் மாணவி மெதுவாகச் சொன்னாள்: "புள்ளி தனி எழுத்து இல்லையே. கொம்பும் காலும் கூட இல்லை. உயிர்மெய்ன்னா ரெண்டும் சேர்ந்து ஒரே எழுத்துதானே?" அவ்வளவுதான், பூட்டு திறந்தது. துணைக் குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு மற்றதை எண்ணினால் 'தமிழ்' 3, 'நண்பர்' 4. கைதட்டல்.

அத்தோடு முடியவில்லை. இன்னொரு மேஜை 'லக்ஷ்மி'யைக் கொண்டுவந்தது. க்ஷ ஓர் எழுத்தா, இரண்டா? பத்து நிமிஷம் பட்டிமன்றம். மூன்றாவது மேஜையில் 'கௌரி' இரண்டுக்குப் பதில் மூன்று என்று வந்தது. தோண்டிப் பார்த்தால், தட்டியவர் ஔகாரக் குறியைப் போடாமல் ஒற்றைக் கொம்பும் ளகரமும் போட்டிருந்தார். கண்ணுக்கு ஒரே மாதிரி, மெஷினுக்கு வேறு பெயர். "அடடே, எங்க ஆபீஸ் பட்டியல்ல சில பேரைத் தேடினா கிடைக்காததுக்கு இதுதான் காரணமா!" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த நம் அலுவலக ஊழியர். அவரையும் ஒரு மேஜையில் உட்காரவைத்தோம்.

அடுத்த மாதச் சிக்கல் அகரவரிசை. நம் அகராதியில் 'மரம்' முன்னால், 'மனம்' பின்னால். ஆனால் யூனிகோடு வரிசையில் னகரம், நகரத்துக்கு அடுத்தே உட்கார்ந்திருப்பதால் மெஷின் 'மனம்' என்பதை முன்னால் தள்ளுகிறது. இதையும் தீர்த்தார்கள். அன்று முன்னால் வந்து கீபோர்டைப் பிடித்தவன், பின்வரிசையில் வாயெடுத்து அடங்கிய அதே பையன்.

ஒரு வேண்டுகோள்

"இப்பத்தான் செயற்கை நுண்ணறிவு வந்துடுச்சே சார், கேட்டா உடனே விடை கொடுக்குதே, கூடி உட்கார்ந்து என்ன ஆகப்போகுது?" என்று ஒரு தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. மெஷின் யாரையும் பார்த்துச் சிரிக்காது. தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அது பெரிய வரம், மறுக்க மாட்டேன். ஆனால் நமக்குத் தெரியாதது பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது என்ற ஆறுதலை அது தராது. தமிழ் மாணவிக்குத் தன் இலக்கணம் கம்ப்யூட்டருக்கும் உதவும் என்பது அன்று அந்த மேஜையில்தான் தெரிந்தது. தப்பான விடையைச் சரியான விடை மாதிரி மெஷின் சொல்லும்போது "இரு, இரு, இது சரியா?" என்று கேட்கவும் நாலு பேர் வேண்டும்.

ஆகவே சங்கத்துக்கு என் வேண்டுகோள். ஒவ்வொரு சந்திப்பிலும் மதியம் இரண்டு முதல் நாலு வரை முன்னாள் மாணவர் சிறப்புரை வைக்கிறோம். உண்ட மயக்கத்தில் பாதிப் பேர் தூங்குவது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். இந்த ஆண்டு அந்த இரண்டு மணி நேரத்தை மேஜைகளுக்குக் கொடுங்கள். மேஜைக்கு இரண்டு பழையவர், இரண்டு புதியவர். முதல் கால் மணி நேரம் அவரவர் சிக்கலைச் சொல்லட்டும். ஒன்றைப் பொறுக்கி எடுத்து எல்லாரும் சேர்ந்து அவிழ்க்கட்டும். கீபோர்டு ஏழு நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாறட்டும். கடைசி அரை மணி நேரம் ஒவ்வொரு மேஜையும் எங்கே தப்பு செய்தோம் என்று சொல்லட்டும். விதி ஒன்றே ஒன்று: யாருடைய கேள்விக்கும் யாரும் சிரிக்கக் கூடாது.

என் அறைத் தோழன் இப்போது அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். போன சந்திப்பில் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவன், பாயசம் வரும்போது கேட்டான்: "ஏண்டா, கடைசி வரைக்கும் அந்த ரெண்டு புள்ளி எதுக்குன்னு யாருமே சொல்லலையே?" முப்பது வருஷம் கழித்து இலையில் விரலால் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். "அட, இவ்வளவுதானா! அப்பவே சொல்லியிருந்தா நான் கம்ப்யூட்டரை விட்டிருக்க மாட்டேனேடா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். என்னால் சிரிக்க முடியவில்லை. அன்று நானும் சிரித்தேன் என்று அவனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "எனக்குத் தெரியும்டா" என்றான்.

இந்த ஆண்டு மேஜை போட்டால் அவன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். தன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சிக்கலையும் எடுத்துவருகிறானாம். என்னவென்று கேட்டேன், சொல்லவில்லை. "வந்து உட்காரு, அப்ப சொல்றேன்" என்கிறான்.

நான் வருகிறேன். நீங்களும் வாருங்கள். செருப்பை வாசலில் விட வேண்டியதில்லை!

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!

— பி.எஸ்ஸி. கணிதம், 1989–92 அணி